பொருளறிந்து சொல்ல வேண்டிய உறுதிமொழி

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற மாணவர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நிர்வாகத்தினர் பணித்தார்கள். கல்வி என்றவுடன் மதிப்பெண், கல்லூரி, வேலைவாய்ப்பு என்று பேசுவது வழக்கம். சென்ற ஆண்டு இதே மேடையில் பேசியவர்கள் அவற்றையெல்லாம் நன்றாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். ஆகவே நாம் இன்று மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். 6, 7, 8ஆம் வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகள் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அவர்கள் வாய்மொழியில் சொன்னால் ‘பிரேயரில்’, வலக்கையை முன்னே நீட்டி நின்று ஓர் உறுதிமொழி சொல்கிறார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தும் தேசிய கீதமும் பாடுகிறார்கள். இவற்றின் பொருள் அவர்களுக்குத் தெரியுமா? தெரியவில்லையென்றால் அதனால் என்ன குறைந்துவிடும்? இவ்விரண்டு கேள்விகளே இன்றைய உரையின் பொருள்.

மதரஸாக் கட்டடத்தில் ஞாயிறு காலைகளில் நடைபெறும் பாடவகுப்பைத் தாங்கள் அறிவீர்கள். அங்கே ஒரு நாள் கணக்குப் பாடம் முடிந்த பின் பதினேழு பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, தேசிய உறுதிமொழியை நினைவிலிருந்து எழுதும்படியும், ஒவ்வொரு வரியின் கீழும் அதன் பொருளைச் சொந்த நடையில் எழுதும்படியும் சொன்னோம். நினைவிலிருந்து எழுதும் பகுதியைப் பெரும்பாலோர் பிழையின்றி எழுதினார்கள். பொருள் எழுதும் பகுதியில்தான் எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, சிந்தனையும் வந்தது. நாட்டின் பெருமைக்கு ஏற்ப வாழப் ‘பாடுபடுவேன்’ என்ற சொல்லுக்கு நேரே ஒரு பிள்ளை ‘பாட்டுப் பாடுவேன்’ என்று எழுதியிருந்தது. ‘பன்முக மரபு’ என்ற தொடருக்கு இன்னொரு பிள்ளை எழுத்தால் விடை தராமல், பல முகங்கள் கொண்ட ஒரு மனிதனைப் படமாக வரைந்து வைத்திருந்தது. நான்கு தாள்களில் கீழ்ப்பகுதி வெறுமையாகவே இருந்தது. முதல் வகுப்பிலிருந்து எண்ணினால் ஆயிரம் தடவைக்குமேல் சொல்லியிருக்கக்கூடிய வரிகள் அவை.

பிள்ளைகளைக் குறை கூற நாம் இதைச் சொல்லவில்லை. அன்று மாலை வகுப்பின் பொறுப்பாளர்களான நாங்கள் நால்வரும் அதே சோதனையை எங்களுக்கே வைத்துக்கொண்டோம். தேசிய கீதத்தில் வரும் ‘உத்கலம்’ எந்த மாநிலம் என்று எங்களில் இருவருக்குத் தெரியவில்லை. யார் அந்த இருவர் என்று கேட்காதீர்கள்.

அன்புச் சகோதரர்களே! பொருள் தெரியாமல் ஓதுவது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. மக்தபில் அமரும் பிள்ளை அரபு எழுத்துகளைக் கற்று, சிறிய சூராக்களை மனனம் செய்து, பின்னர் யாஸீன் வரை ஓதிவிடுகிறது. பொருள் பல ஆண்டுகள் கழித்து வருகிறது; சிலருக்கு வராமலே போய்விடுகிறது. இக்குறையை நம் முன்னோர் உணர்ந்தே இருந்தார்கள். அரபு எழுத்தை மட்டுமே அறிந்திருந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் மார்க்கத்தின் பொருள் போய்ச் சேர வேண்டுமென்றுதான் தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் முறை கடற்கரை ஊர்களில் வளர்ந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அம்முறையில் நூல்கள் இயற்றினார்கள். பின்னர் ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தர்ஜமத்துல் குர்ஆன், அச்சில் வந்த தமிழாக்கமாக வீடு வீடாகச் சென்றது. இன்று நம் மக்தபிலும் அல்ஹம்து சூராவின் பொருளைச் சொல்லிக்கொடுத்த பிறகே அடுத்த பாடத்துக்குப் போகிறார்கள். இதற்காக ஹஸ்ரத் அவர்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இறைமறையைப் பொருள் தெரியாமல் ஓதினாலும் ஓதியதற்கு நன்மை உண்டு என்று உலமாக்கள் சொல்வார்கள். அது இறைவனின் வாக்கு, ஓதுவதே வணக்கம். உறுதிமொழியின் நிலை அவ்வாறன்று. அது மனிதன் மனிதர்களுக்குக் கொடுக்கும் வாக்கு. பொருள் தெரியாமல் சொன்ன வாக்கு, வாக்கே ஆகாது. நிக்காஹ் மஜ்லிஸில் ஈஜாப் கபூல் சொல்லும்போது மணமகனுக்குப் புரியாத மொழியில் எதையாவது சொல்லவைத்து, “ஒப்புக்கொண்டாய்” என்று நாம் எழுதிக்கொள்வதில்லை. தமிழில் விளக்கி, மஹர் எவ்வளவு என்று எடுத்துச் சொல்லி, அதன் பின்னரே சம்மதம் கேட்கிறோம். எண்ணத்தைப் பற்றிய நபிமொழியையே ஸஹீஹுல் புகாரியின் முதல் நபிமொழியாக வைத்தார்கள் இமாம் அவர்கள். வாக்குறுதியைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 34ஆம் வசனம் எச்சரிக்கிறது. வாக்கு மீறுவதை நயவஞ்சகத்தின் அடையாளங்களில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். வாக்கை இவ்வளவு பாரமானதாகக் கருதும் மார்க்கத்தில் வளரும் பிள்ளை, தினமும் காலையில் ஒரு வாக்குக் கொடுக்கிறது. எதற்கு வாக்குக் கொடுத்தோம் என்பது அதற்குத் தெரியவில்லை. இதில் பிள்ளையின் குற்றம் ஏதுமில்லை. பொருளைச் சொல்லாத பெரியவர்களாகிய நம்முடைய குற்றம் அது.

இந்த உறுதிமொழி எப்படிப் பிறந்தது என்பதே பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க ஒரு கதை. நாங்கள் சொன்னபோது வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி நிலவியது. இதை எழுதியவர் பெரிய தலைவரோ புகழ்பெற்ற கவிஞரோ அல்லர். பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ் என்ற அரசு அலுவலர். இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தைச் சேர்ந்தவர். விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாகப் பணிபுரிந்தார். சீனாவுடன் போர் மூண்ட அதே 1962ஆம் ஆண்டில், தம் தாய்மொழியாகிய தெலுங்கில் இதை எழுதினார். எழுதியதைத் தென்னேட்டி விசுவநாதம் என்ற அரசியல் தலைவரிடம் காட்ட, அவர் அதை ஆந்திரக் கல்வி அமைச்சராக இருந்த பி.வி.ஜி. ராஜு அவர்களிடம் சேர்ப்பித்தார். 1963இல் விசாகப்பட்டினத்துப் பள்ளியொன்றில் அது முதன்முதலாகச் சொல்லப்பட்டது. 1964 அக்டோபரில் பெங்களூரில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம், எல்லாப் பள்ளிகளிலும் இதைச் சொல்ல வேண்டுமென்று முடிவு செய்தது. 1965 ஜனவரி 26 முதல் அது நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

அந்த வாரியக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய மத்தியக் கல்வி அமைச்சர் யார் தெரியுமா? முஹம்மது அலி கரீம் சாக்ளா. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். தெலுங்கு பேசும் ஓர் இந்து அலுவலர் எழுதினார். ஒரு முஸ்லிம் அமைச்சரின் தலைமையில் அது நாட்டுக்கே உரியதாயிற்று. இதைச் சொன்னவுடன் பின்வரிசையில் குனிந்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நாங்கள் கண்டோம்.

சுப்பா ராவ் அவர்களுக்குத் தாம் எழுதிய வரிகள் தேசிய உறுதிமொழி ஆகிவிட்டன என்பதே நெடுங்காலம் தெரியாதாம். தம் பேத்தி பாடப்புத்தகத்திலிருந்து அதை உரக்கப் படித்தபோதுதான் அறிந்துகொண்டார் என்று சொல்கிறார்கள். 1988இல் அவர் காலமானார். தம் பெயர் வராததற்காக அவர் யாரிடமும் சண்டை பிடித்ததாக நாம் கேள்விப்படவில்லை. ஜமாஅத்துக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலும் அதன் மூன்று இறக்கைகளிலும் பெயர் எழுதச் சொல்லும் நமக்கு இது ஒரு செய்திதான்.

சரி, பொருளை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அகராதிப் பொருள் எழுதிப்போட்டால் அதையும் மனனம் செய்துவிடுவார்கள். ஒன்றுக்கு இரண்டாக மனனச் சுமைதான் மிஞ்சும். நாங்கள் முதல் வாரம் அப்படித்தான் செய்து ஏமாந்தோம். மறுவாரம் வேறு வழியில் சென்றோம். உறுதிமொழியில் உள்ள வினைச்சொற்களுக்கு மட்டும் கோடிடச் சொன்னோம். ‘நேசிக்கிறேன்’ என்பது நிகழ்காலம். ‘மதிப்பேன்’ என்பது எதிர்காலம். எது இப்போது என் உள்ளத்தில் இருப்பதைச் சொல்கிறது, எது இனிமேல் செய்வதாக ஒப்புக்கொள்கிறது என்று பிரித்து எழுதச் செய்தோம். பள்ளியில் இலக்கணமாகப் படித்தது இங்கே பயன்பட்டது. நிகழ்காலத்தில் உள்ளவை உணர்வுகள், எதிர்காலத்தில் உள்ளவை கடமைகள் என்பதை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தானாகவே கண்டுபிடித்துச் சொன்னாள். அவள் இன்று பரிசு வாங்க வந்திருக்கிறாள். பெயரைச் சொன்னால் வெட்கப்படுவாள்.

பிறகு ஒவ்வொரு கடமைக்கும் இந்தத் தெருவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டும் என்றோம். மூத்தோரை மதிப்பதற்கு எல்லோரும் ஸலாம் சொல்வதையே சொன்னார்கள். நாட்டு மக்களுக்காக உழைப்பது என்ற இடம் வந்தபோது தயங்கினார்கள். இராணுவத்தில் சேர்வது ஒன்றுதான் அவர்களுக்குத் தோன்றியது. தெருக்குழாயில் வீணாக ஓடும் நீரை நிறுத்துவதும் அதில் சேருமா என்று ஒரு பிள்ளை கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். சேரும் என்றோம். அதன் பிறகு வேறு பதில்களும் தாமாகவே வந்தன. பன்முக மரபு என்பதற்கு இந்தத் தெருவிலேயே விடை இருந்தது. நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு வரும் அயல்வீட்டுப் பிள்ளைகளையும், பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வரும் கரும்பையும் அவர்களே சொன்னார்கள். பல முகம் வரைந்த பிள்ளை தன் படத்தின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயர் எழுதியது. அந்தப் படம் இப்போது வகுப்பறைச் சுவரில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான், ஜமாஅத்தார்களே, நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. இன்று இந்தத் தலைப்பை நாம் எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

இந்தியர் யாவரையும் உடன்பிறந்தோராக ஏற்கும் வரியை விளக்கிக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதுவரை எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னவன், அந்த வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டான். வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்துக் கேட்டோம். முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு சொன்னான். இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடிய ஒரு நாளின் மறுநாள், வகுப்புத் தோழர்கள் சிலர் அவனைச் சூழ்ந்துகொண்டு, “நீ எந்தப் பக்கம்?” என்று கேட்டார்களாம். அவன் இந்தியாவுக்காகத்தான் இரவெல்லாம் கண் விழித்துப் பார்த்திருக்கிறான். அதைச் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இரண்டு மாதமாக அவன் உறுதிமொழியில் அந்த வரி வரும்போது வாயை மட்டும் அசைக்கிறான்; குரல் கொடுப்பதில்லை. ஆசிரியர் யாரும் கவனிக்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. “அவங்க என்னை அண்ணன் தம்பியா நினைக்கல சார். நான் மட்டும் ஏன் சொல்லணும்?” என்று கேட்டான்.

உடனே பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறோம். பதினேழு பிள்ளைகளில் இந்த வரியின் பொருளை உண்மையாக அறிந்திருந்தவன் அவன் ஒருவன்தான். பொருள் தெரிந்ததனால்தான் அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. பாட்டுப் பாடுவேன் என்று எழுதிய பிள்ளைக்கு இந்தத் துன்பம் இல்லை.

அடுத்த வாரம் ஹஸ்ரத் அவர்களிடம் கலந்து பேசிவிட்டு அவனுடன் உட்கார்ந்தோம். ஹுதைபியா உடன்படிக்கையைப் பற்றிச் சொன்னோம். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு. குறைஷிகளின் சார்பில் பேச வந்தவர் சுஹைல் பின் அம்ர். உடன்படிக்கை முடிவாகிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய சொந்த மகன் அபூ ஜந்தல் (ரலி) அவர்கள், இஸ்லாத்தை ஏற்றதற்காக இடப்பட்ட விலங்குகளோடு தப்பி வந்து முஸ்லிம்களிடையே விழுந்தார்கள். மக்காவிலிருந்து வருவோரைத் திருப்பி அனுப்புவது என்பது உடன்படிக்கையின் ஒரு நிபந்தனை. தோழர்கள் துடித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பொறுமையாக இருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எதிரில் இருப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்து நம் வாக்கைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதில்லை என்று சொன்னோம்.

பையன் கேட்டுக்கொண்டான். ஆனால் அவன் முகம் மாறவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு பெரிய பொறுமையைக் கேட்கிறோமே என்று எங்களுக்கும் உறுத்தியது. அப்போது எங்களில் ஒருவர் அவனிடம் ஒரு கேள்வி கேட்டார். “உன்னிடம் அப்படிக் கேட்ட பையன்கள் பிரேயரில் அந்த வரியைச் சொல்கிறார்களா?” சொல்கிறார்கள் என்றான். “அதில் நீ இருக்கிறாயா, இல்லையா?” என்றார். அவன் நெடுநேரம் யோசித்தான். இருக்கிறேன் என்றான். அவர்களும் அதே வரியைத் தினமும் சொல்லி உனக்குத்தான் வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாடுபடுவதைப் பாட்டுப் பாடுவதாக நம் வகுப்புப் பிள்ளை நினைத்ததைப் போல, அவர்களும் பொருள் தெரியாமல் சொல்கிறார்கள். அந்த வரி அவர்களுக்குச் சொந்தம், உனக்கு இல்லை என்று நீயாகவே விட்டுக்கொடுத்துவிடாதே என்றார் அவர்.

மறுநாளே அவன் உரத்த குரலில் சொன்னான் என்று கூறி உங்களை மகிழ்விக்க நமக்கும் ஆசைதான். அவன் சொன்னானா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்பது முறையன்று என்று விட்டுவிட்டோம். ஆனால் சில வாரங்கள் கழித்து அவன் தன் வகுப்புத் தோழன் ஒருவனை ஞாயிறு வகுப்புக்கு அழைத்து வரலாமா என்று கேட்டான். அழைத்தும் வந்தான். அந்தப் பையன் முஸ்லிம் அல்லன். கணக்குப் பாடத்துக்கென்றுதான் வருகிறான். வரட்டும்.

அடுத்து, பெற்றோரில் சிலர் எங்களிடம் கேட்ட ஐயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இவை மறைவில் கேட்கப்படுவதால் வெளிச்சத்தில் பதில் சொல்வது நல்லது.

தேசிய கீதத்தில் யாரையோ போற்றுகிறார்களே, அது தவ்ஹீதுக்கு மாறானதா என்பது ஒரு கேள்வி. அது வங்காள மொழியில், சம்ஸ்கிருதச் சொற்கள் மிகுந்த நடையில் தாகூர் எழுதியது. 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்டது. அவ்வாண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியா வந்திருந்ததால், அவரைப் போற்றிய பாட்டு என்று ஒரு வதந்தி நெடுங்காலம் உலவியது. 1937இல் எழுதிய ஒரு கடிதத்தில் தாகூரே அதை மறுத்து, யுகயுகமாக நாட்டின் விதியை நடத்திச் செல்லும் அந்த ஒருவனைத்தான் தாம் குறித்ததாகவும், எந்த ஜார்ஜும் அவனாக முடியாது என்றும் விளக்கினார். ஐந்து பத்திகள் கொண்ட அப்பாடலின் முதல் பத்தியை மட்டும் 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை தேசிய கீதமாக ஏற்றது. நாம் பாடாத இரண்டாம் பத்தியில் இந்நாட்டின் சமயத்தாரைப் பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மனோன்மணீயம் என்ற நாடக நூலுக்குச் சுந்தரம் பிள்ளை அவர்கள் எழுதிய வாழ்த்திலிருந்து எடுக்கப்பட்டது அது. அந்நூல் 1891இல் வெளிவந்தது. தமிழக அரசு 1970இல் இதை அரசு விழாக்களுக்கு உரியதாக்கியது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்து, பாடும்போது எழுந்து நிற்க வேண்டும் என்றது. மொழியையும் நிலத்தையும் பெண்ணாக உருவகம் செய்வது கவி மரபு. நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போது நாட்டுப் படலம் வைத்து, தமிழ்க் காப்பிய மரபிலேயே வருணிக்கிறார். உருவகத்தை உருவகம் என்று அறிந்த பிள்ளைக்குக் குழப்பம் வராது. அறியாத பிள்ளைக்குத்தான் வரும். இதற்கு மேலும் மார்க்க ஐயம் உள்ளவர்கள் ஹஸ்ரத் அவர்களை அணுகித் தெளிவு பெறலாம். அது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் வாய்திறந்து பாடாததால் 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்டில் தீர்ப்பளித்து, அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. எழுந்து நிற்பதே மரியாதை. மனச்சான்றின்படி பாடாதிருந்ததற்காக நீக்கியது தவறு என்பது அதன் சாரம். இதைச் சொல்வதால் நம் பிள்ளைகள் பாட வேண்டாம் என்று யாரும் பொருள் கொண்டுவிடக் கூடாது. நம் பிள்ளைகள் பாடுகிறார்கள், நன்றாகவே பாடுகிறார்கள். அச்சத்தினால் பாடுவதற்கும் அறிந்து பாடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் உணர வேண்டும் என்பதற்காகவே குறிப்பிட்டோம்.

தேசிய கீதத்தின் பொருளைச் சொல்லச் சிறந்த கருவி வரைபடம். பாடி முடிக்க ஏறத்தாழ 52 விநாடி ஆகிறது. வரைபடத்தில் அதைத் தேடி முடிக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஏழு நிலப்பகுதிகள், இரண்டு மலைகள், இரண்டு ஆறுகள், கடைசியில் கடல். உத்கலம் என்பது ஒடிசா என்று கண்டார்கள், நாங்களும் கண்டோம். சிந்து இன்று பாகிஸ்தானில் இருக்கிறதே, ஏன் பாடுகிறோம் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்று, சொல்லை மாற்றத் தேவையில்லை என்று 2005இல் தீர்ப்பாயிற்று. பாடல் எழுதப்பட்டபோது இருந்த நிலத்தையும் சிந்தி மக்களையும் அது குறிக்கிறது, இன்றைய எல்லைக்கோட்டை அன்று என்று விளக்கினோம். பஞ்சாபும் வங்கமும் இரண்டாகப் பிரிந்ததையும், வங்கதேசத்தின் தேசிய கீதத்தையும் அதே தாகூர்தான் எழுதினார் என்பதையும் சொன்னபோது, 1947ஐப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகள் அடுத்த இரண்டு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தன. திராவிடம் என்ற சொல்லில் விரலை வைத்து, “இது நாம்” என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொன்னதை இங்கே பதிவு செய்கிறோம்.

அரசியல் சாசனத்தின் முகப்புரையை எட்டாம் வகுப்பினருக்கு மட்டும் எடுத்துக்கொண்டோம். அதன் நடை கடினம். ஆயினும் அது ‘நாம்’ என்று தொடங்குவதையும், நம்பிக்கைக்கும் வழிபாட்டுக்குமான சுதந்திரம் அதிலேயே எழுதப்பட்டிருப்பதையும், அதை ஏற்ற சபையில் நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் உறுப்பினராக அமர்ந்திருந்ததையும் பிள்ளைகள் அறிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும். மற்றவற்றைக் கல்லூரியில் படித்துக்கொள்வார்கள்.

நிர்வாகத்தினரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்து முடித்துக்கொள்கிறோம். ஞாயிறு வகுப்பில் மாதம் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கித் தர வேண்டும். அந்த ஒரு மணி நேரம் நம் தெருவின் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு பையன் வந்துவிட்டான். அவன் தங்கையும் வர விரும்புவதாகச் சொன்னான். பெண் பிள்ளைகளுக்கு மாடியறையில் இடம் இருக்கிறது. ஓர் ஆசிரியை மட்டும் தேவை. தாய்மார்களில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர்கள் இருவர் இருப்பதாக அறிகிறோம். அவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் நன்றியுடையவர்களாவோம்.

மற்றொன்று வரைபடம். மதரஸாச் சுவரில் தொங்கும் இந்திய வரைபடம் பழையது. உறுதிமொழியை எழுதியவரின் ஊரைக் காட்டப் போனால், 2014இல் பிறந்த தெலங்கானாவே அதில் இல்லை. நல்கொண்டாவை ஆந்திராவுக்குள் காட்டி, பிறகு வாயால் திருத்த வேண்டியிருக்கிறது. பெரிய அளவில் புதிய தமிழ் வரைபடம் ஒன்று வாங்கித் தருவோர் முன்வர வேண்டும். அதில் பெயர் எழுத இடம் இராது.